குவளைப் புள்ளியும் கோமதியின் கையும்

தீயணைப்புத் துறையில் வேலை பார்த்தவன் என்று சொன்னதும் எல்லோரும் என்னிடம் நெருப்புக் கதைதான் கேட்கிறார்கள். வைக்கோல் போர், சமையல் கேஸ் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மையில் தென்காசியில் நான் வேலை பார்த்த வருஷங்களில் என்னைப் பயமுறுத்தியது நெருப்பு இல்லை, தண்ணீர். அதுவும் ஜனங்கள் தூரந்தொலைவிலிருந்து பஸ் ஏறி வந்து, கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்து நிற்கிற குற்றாலத்துத் தண்ணீர்.

இதை எழுத வைத்தவள் முத்துமாரி. எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த பெண்களில் ஒருத்தி. ஏணியில் அவள் ஏறுகிற வேகத்தைப் பார்த்தால் எங்கள் காலத்து ஆட்களுக்குத் தலை சுற்றும். போன வாரம் மேலகரத்தில் என் வீட்டுக்கு வந்தாள். இப்போது வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் படம் வரைகிறார்கள், வீடியோ எடுக்கிறார்கள், பயிற்சிக்கென்று ஏதேதோ செய்து இணையத்தில் போடுகிறார்களாம். போடும்போது எந்த உரிமம் வைப்பது என்று அங்கே ஒரு கேள்வி வருமாம். அதில் எல்லோரும் முழிக்கிறார்களாம்.

“நீங்க பட்டதை அப்படியே எழுதிக் குடுங்க சார். நான் சொன்னா ஒருத்தரும் கேக்க மாட்டேங்காவ” என்றாள்.

நான் பட்டதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு குவளையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏணியில் ஏறினோம், இறங்கினோம். தண்ணீர்க் குழாயை விரித்தோம், சுருட்டினோம், சுருட்டியது சரியில்லை என்று மறுபடி விரித்தோம். கீழப்பாவூரில் எங்கள் வீட்டில் அண்ணன் போலீஸ், சித்தப்பா பட்டாளம். நான் தீயணைப்பில் சேர்ந்ததை வீட்டில் அரைச் சம்பளத்துக் காக்கி என்றுதான் கேலி செய்தார்கள். சம்பளம் முழுதாகத்தான் வந்தது. சில ஊர்களில் வேலை பார்த்துவிட்டுத் தென்காசிக்கு மாற்றலாகி வந்தபோது, சீசன் டூட்டிக்கு அருவிக்குப் போ என்றார்கள். எனக்கு ஒரே குஷி. சாரலில் நின்றுகொண்டு சம்பளம் வாங்கலாம், போகும்போது நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன்.

அந்தக் குஷியை முதல் நாளே இறக்கி வைத்தவர் நிலைய அலுவலர் பரமசிவம். சிவகிரிக்காரர். பெரிய மீசை உண்டு, சத்தம் கிடையாது. மெயின் அருவி இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் காதிலேயே கத்த வேண்டியிருக்கும். அவர் மட்டும் சாதாரணமாகப் பேசுவார், நாம்தான் கிட்டே போய்க் கேட்க வேண்டும். எல்லோரும் நனைந்த கோழிகளாக நிற்போம். அவர் சட்டை மட்டும் எப்படியோ மடிப்புக் கலையாமல் இருக்கும். கையில் எப்போதும் ஒரு வெள்ளை எனாமல் குவளை. டீ குடிக்க வைத்திருக்கிறார் என்று நினைத்து, பிளாஸ்க்கிலிருந்து அதில் டீயை ஊற்றப் போனேன். அவர் பார்த்த பார்வையில் பிளாஸ்க்கை மூடிவிட்டேன்.

குவளையின் அடியில், உள்பக்கம், நட்டநடுவில் ஒரு கருப்புப் புள்ளி இருந்தது. வண்டிக்கு நம்பர் எழுதுகிற பெயின்டால் அவரே வைத்தது. அருவித் தண்ணீரை அதில் பிடித்து அந்தப் புள்ளியைப் பார்ப்பதுதான் எங்கள் முதல் வேலை. கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அதற்கு அவர் வைத்திருந்த முறைகளைக் கேளுங்கள். ஆட்கள் குளிக்கிற இடத்தில் தண்ணீர் பிடிக்கக் கூடாது. அங்கே எண்ணெயும் சீயக்காயும் கலந்திருக்கும். ஓரமாகப் பாறையைத் தடவிக்கொண்டு இறங்குகிற தண்ணீரைப் பிடிக்க வேண்டும். பிடித்த உடனே பார்க்க வேண்டும். வைத்திருந்து பார்த்தால் மண் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்து நம்மை ஏமாற்றிவிடும். வெயிலுக்கு முதுகைக் காட்டி, குவளைக்குள் நம் நிழல் விழும்படி நின்று, நேர் மேலேயிருந்து பார்க்க வேண்டும்.

புள்ளி கூராகத் தெரிந்தால் கவலையில்லை, ஜனம் குளிக்கலாம். “ஆளை இறக்கு” என்பார். விளிம்பு கரைந்த மாதிரி தெரிந்தால் விசில் வாய்க்கு வந்துவிட வேண்டும், கயிறு கைக்கு வந்துவிட வேண்டும், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட வேண்டும். புள்ளி காணாமல் போனால் அப்புறம் பேச்சே கிடையாது. “ஆளை ஏத்து.” அதையும் அவர் சாதாரணமாகத்தான் சொல்வார். அதைக் கேட்டு நாங்கள்தான் தொண்டை கிழியக் கத்துவோம்.

ஜனங்கள் எங்களைத் திட்டாத திட்டு இல்லை. கீழே வெயில் அடிக்கும், வானத்தில் ஒரு துண்டு மேகம் இருக்காது. மலைக்கு மேலே காட்டுக்குள் கொட்டுகிற மழை கீழே எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பவருக்கு எப்படித் தெரியும்? தண்ணீர்தான் வந்து சொல்ல வேண்டும். முதலில் நிறம் மாறும், பிறகு சருகும் குச்சியும் வரும், அதற்குப் பிறகு வருவதைப் பார்க்க யாரும் அங்கே நிற்கக் கூடாது. மெயின் அருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் விழுவதைப் பத்திரிகையில் படமாகப் பார்த்திருப்பீர்கள். அந்த வளைவுக்குள்தான் கொஞ்ச நேரத்துக்கு முன்பு ஜனம் குளித்துக்கொண்டிருந்திருக்கும்.

டூட்டியில் இருக்கும்போது பரமசிவம் ஐயா எத்தனை தடவை என்று கணக்கில்லாமல் கேட்பார்: “தண்ணி என்னலே சொல்லுது, பாண்டி?” என் முழுப்பெயர் சங்கரபாண்டியன். அவர் வாயில் அது முழுசாக வந்து நான் கேட்டதேயில்லை.

நான் மறக்க முடியாதது ஒரு கார்த்திகை மாதம் நடந்தது. சபரிமலைக்குப் போகிற வண்டிகளும் வருகிற வண்டிகளும் குற்றாலத்தில் நிறைந்து கிடக்கும் சமயம். ஆரியங்காவு வழியாக மலையாளக் குடும்பங்களும் நிறைய வந்திருந்தன. மத்தியானம் குவளையில் புள்ளி கரைந்தது. நான் அவரிடம் காட்டிவிட்டு மறுபடி பிடித்தேன். அதற்குள் புள்ளியே இல்லை. குவளை முழுக்கச் செம்மண் கரைசல்.

விசில் அடித்தோம், மைக்கில் சொன்னோம். ஆண்கள் பக்கம் காலியானது. பெண்கள் பக்கம் பெண் போலீஸ் கத்திக் கத்தி எல்லோரையும் வெளியேற்றினார். ஒரே ஒரு பெண் மட்டும் பாறையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்க்கிறாள், நாங்கள் கத்துவதையும் கேட்கிறாள், ஆனால் அசையவில்லை. நாங்கள் கத்தக் கத்த இன்னும் உள்ளே தள்ளிப் பாறை இடுக்கில் ஒண்டினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மறுமுனையைப் பரமசிவம் ஐயா தன் இடுப்பில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் அவர் சட்டை நனைந்து பார்த்தேன்.

நான் கிட்டே போனதும் அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, “சோப்பில்லா சாரே, சோப்பில்லா” என்றாள்.

விஷயம் இதுதான். அருவியில் சோப்பும் ஷாம்பும் போடக் கூடாது. அதற்காக நாங்கள் விடிந்தது முதல் கத்திக்கொண்டேதான் இருப்போம், பிடுங்கிப் போடவும் செய்வோம். அவளுக்குத் தமிழ் தெரியாது. விசிலும் கத்தலும் தன் கையிலிருந்த சோப்புக்காகத்தான் என்று நினைத்துவிட்டாள். சோப்பை ஒளித்து வைத்தால் விட்டுவிடுவார்கள் என்று உள்ளே ஒண்டியிருக்கிறாள். பேசி விளக்க நேரமில்லை. தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன், கயிறு எங்கள் இருவரையும் இழுத்தது. கரையேறித் திரும்பிப் பார்த்தபோது அவள் ஒண்டியிருந்த இடத்தில் ஒரு முழு மரக்கிளை வந்து மோதி நின்றது. அவள் அதைப் பார்த்தாள். பிறகுதான் கையைத் திறந்து சோப்பை என்னிடம் ஒப்படைத்தாள். பெண் போலீஸ் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் பரமசிவம் ஐயா நனைந்த சட்டையைப் பிழிந்து காயப் போட்டார். அப்புறம் சொன்னார்: “வருஷம் பூரா சோப்புக்கும் கத்துதோம், வெள்ளத்துக்கும் கத்துதோம். ரெண்டுக்கும் ஒரே சத்தம். பாவம், அந்தப் பிள்ளை எப்படிலே கண்டுபிடிக்கும்?”

அந்தக் கேள்விதான் என்னைப் படம் எடுக்க வைத்தது. சொன்னால் புரியாதவர்களுக்குக் காட்டினால் புரியும் என்று தோன்றியது. குவளையையும் அருவியையும் சேர்த்து மூன்று படம் போதும். புள்ளி தெரிவது, புள்ளி கரைவது, புள்ளி மறைவது. சொந்தக் காசில் ஒரு கேமரா வாங்கினேன். ஐயா ஒரே நிபந்தனை போட்டார். டூட்டியில் கேமராவைத் தொடக் கூடாது, குளிக்கிறவர்கள் ஒருவர்கூடப் படத்தில் விழக் கூடாது.

சரி என்று சொல்லிவிட்டேன். ஆனால் அருவிக்கு என் மேல் என்ன கோபமோ, வெள்ளம் வருகிற நாளெல்லாம் எனக்கு டூட்டி, லீவு நாளெல்லாம் தண்ணீர் கண்ணாடி மாதிரி விழும். முதல் படம் முதல் வாரமே கிடைத்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் நான் லீவு போட்டுக் காத்துக் கிடந்ததைப் பார்த்து, ஊரெல்லாம் நல்ல தண்ணி வரணும்னு கும்பிடுது, இவரு மட்டும் கலங்கல் வரணும்னு கும்பிடுதாரு என்று என் மனைவி கோமதி சொல்லாத ஆளில்லை. ஆனால் அவள்தான் கூட வந்தாள். ஒரு கையில் கேமராவும் ஒரு கையில் குவளையுமாக எடுத்தால் படம் ஆடியது. எனவே ஓரமாகத் தண்ணீர் பிடிப்பதும், குவளையைச் சாய்த்துக் காட்டுவதும் கோமதியின் கை. மூன்று படத்திலும் அந்தக் கைதான், பச்சைக் கண்ணாடி வளையலோடு. ஒரே நிற வளையலாக இருந்தால்தான் மூன்றும் ஒரே தொகுப்பு என்று தெரியும் என்பதால், அந்த வளையலை அவள் உடையாமல் காப்பாற்றி வைத்திருந்தது தனிக்கதை.

இப்படிப் பல சீசனில் எடுத்து முடித்தபோது ஐயா ஓய்வு பெற்றுச் சிவகிரிக்குப் போயிருந்தார். பிறகு நானும் ஓய்வு பெற்றேன். படங்களின் மேல் எப்போது குளிக்கலாம், எப்போது வெளியேற வேண்டும் என்று தமிழில் எழுதி வைத்தேன், அப்படியே கணினியில் கிடந்தன. ஒரு பயிற்சி வகுப்புக்குப் படம் கேட்டு முத்துமாரி வந்தது அப்போதுதான். பார்த்தவள், இதை இணையத்தில் பொதுவில் வையுங்கள், கட்டற்ற உரிமத்தில் வையுங்கள் என்றாள். எனக்குத் தெரிந்த உரிமம் ஓட்டுநர் உரிமம் ஒன்றுதான்.

அவள் சொன்னதை எனக்குப் புரிந்த மாதிரி சொல்கிறேன். படம் எடுத்தவருக்குத்தான் அதன் உரிமை. அவரைக் கேட்காமல் மற்றவர் பயன்படுத்தக் கூடாது. கட்டற்ற உரிமம் என்பது, கேட்கவே வேண்டாம், இந்தந்த நிபந்தனைக்கு உட்பட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே எல்லோருக்கும் எழுதி வைத்துவிடுவது. அப்போதும் படம் நம்முடையதுதான். ஆனால் ஒருமுறை அப்படிக் கொடுத்துவிட்டால், கொடுத்ததைத் திருப்பி வாங்க முடியாது. நிபந்தனைகள் நாலு வகை. எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். மாற்றிச் செய்தால் அதையும் இதே மாதிரி எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. மாற்றவே கூடாது. இதில் கடைசி இரண்டும் இல்லாமல் இருந்தால்தான் அதை உண்மையிலேயே கட்டற்றது என்பார்களாம். ஒரு நிபந்தனையும் வேண்டாம் என்று மொத்தமாகக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டாம். முத்துமாரி முதலில் கேட்டது, இவற்றை டூட்டியில் எடுத்தீர்களா என்றுதான். டூட்டியில் எடுத்திருந்தால் அரசாங்கத்தின் படம், கொடுக்க எனக்கு உரிமையில்லை. ஐயா அன்றைக்குப் போட்ட நிபந்தனையின் அருமை அப்போதுதான் தெரிந்தது.

நான் விதிமுறையிலேயே வளர்ந்த ஆள். இருக்கிற நிபந்தனையில் எது இறுக்கமோ அதைப் போடு என்றேன். பெயர் சொல்லணும், விற்கக் கூடாது, மாற்றக் கூடாது. அதற்கு எனக்குக் காரணமும் இருந்தது. கொஞ்ச நாளுக்கு முன்பு நான் வாட்ஸ்அப்பில் எச்சரிக்கையாக அனுப்பிய செம்மண் வெள்ளப் படம் ஒன்றை ஒரு லாட்ஜ்காரர் எடுத்து, தண்ணீரைப் பால் மாதிரி வெள்ளையாக்கி, சீசன் களைகட்டிவிட்டது வாருங்கள் என்று விளம்பரம் போட்டிருந்தார். எந்தத் தண்ணீரைப் பார்த்து ஓட வேண்டுமோ அதைக் காட்டியே ஆளைக் கூப்பிட்டிருக்கிறார். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் வீட்டில் மத்தியானச் சோறு யாருக்கும் இறங்கவில்லை. இந்தப் புள்ளிப் படத்தை ஒருவன் இப்படித் துலக்கினால் உயிர் போய்விடும் என்று சொன்னேன்.

கட்டற்ற படங்களைச் சேர்த்து வைக்கிற தளத்தில் ஏற்றப் போனால், விற்கக் கூடாது, மாற்றக் கூடாது என்றால் எங்களுக்கு வேண்டாம் என்றது. என்ன திமிர் என்று நினைத்தேன். இறுக்கமான உரிமத்தை ஏற்கிற வேறொரு தளத்தில் போட்டேன். முத்துமாரி காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்து வந்தவன் இசக்கி. அருவிக்குப் போகிற வழியில் துண்டு, எண்ணெய், செல்போன் நனையாமல் கழுத்தில் மாட்டுகிற உறை, பிள்ளைகளுக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற பிளாஸ்டிக் கப் எல்லாம் விற்கிறவன். படத்தைப் போனில் பார்த்திருக்கிறான். “அண்ணாச்சி, இதைக் கப்புல அடிச்சா என்ன? போர்டை எவன் படிக்கான்? கப்பு கையிலல்லா இருக்கும்” என்றான்.

எனக்கு அது பிடித்துப்போனது. படம் என்னுடையது, நான் தனியாக அனுமதி கொடுக்கலாம் என்று வாயால் சரி என்று சொல்லிவிட்டேன். அவன் சிவகாசிக்குப் போய் அச்சடிக்கக் கேட்டால், விற்பனைக்கு இல்லை என்று படத்தின் கீழேயே எழுதியிருக்கிறது, எங்களுக்கு வம்பு எதற்கு என்று அச்சகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் அனுமதி வாங்கி வருகிறேன் என்று சொல்லித் திரும்பியவனுக்குச் சாரல் சீசன் வியாபாரம் வந்துவிட்டது, அப்படியே போயிற்று.

அதைவிடப் பெரியது ஒன்று நடந்தது. படம் போட்ட தளத்தில் எனக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுத்திருந்தேன். கொடுத்ததோடு சரி, திறந்து பார்க்கிற பழக்கமில்லை. தை மாதம் முத்துமாரி ஏதோ தேடித் திறந்தபோது அதில் ஐப்பசியில் வந்த கடிதம் ஒன்று இருந்தது. ஆரியங்காவுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஷீலா டீச்சர் என்பவர் எழுதியிருந்தார். எங்கள் பிள்ளைகளும் பெற்றோரும் குற்றாலத்துக்கு அடிக்கடி வருகிறார்கள், உங்கள் படத்தில் இருக்கிற தமிழை மலையாளத்தில் மாற்றிப் பள்ளியில் ஒட்டலாமா, மாற்றக் கூடாது என்று போட்டிருப்பதால் கேட்கிறேன் என்று ரொம்ப மரியாதையாகக் கேட்டிருந்தார். பதில் வராததால் இரண்டாவது கடிதம். அதற்கும் பதில் வராததால், தொந்தரவுக்கு மன்னிக்கவும், நாங்கள் பயன்படுத்தவில்லை என்று மூன்றாவது.

அந்த மூன்றாவது கடிதத்தை நான் இரண்டு தடவை படித்தேன். யாருக்காக இந்தப் படத்தை எடுத்தேன்? சோப்பை ஒளித்துக்கொண்டு ஒண்டினாளே, அவளுக்காக. அவளுடைய பாஷையில் எழுதுகிறேன் என்று ஒரு டீச்சர் மூன்று தரம் வாசலில் வந்து கூப்பிட்டிருக்கிறார், நான் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கியிருக்கிறேன். கார்த்திகையும் மார்கழியும் போய்விட்டது. நல்லவேளையாக அந்த வருஷம் அருவியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதற்கு என் படம் காரணமில்லை.

லாட்ஜ்காரர் நினைவுக்கு வந்தார். அவர் என்னைக் கேட்டாரா? இறுக்கமான உரிமம் போட்டிருந்தால் மட்டும் படித்திருப்பாரா? நான் போட்ட பூட்டு இசக்கியையும் ஷீலா டீச்சரையும் அச்சகத்துக்காரரையும்தான் நிறுத்தியது. ஒழுங்கானவர்கள் எல்லோரும் வெளியே நிற்கிறார்கள். முத்துமாரியிடம் இதைச் சொன்னபோது, இதைத்தான் சார் அன்னைக்கே சொல்ல நெனச்சேன், நீங்க கோவமா இருந்திய என்றாள்.

இனி பெயர் சொல்வது, மாற்றியதையும் அதேபோல் எல்லோருக்கும் பகிர்வது, இந்த இரண்டு நிபந்தனை மட்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் கொடுத்தால் திரும்ப வராது என்கிறார்களே. முறை பரமசிவம் ஐயாவுடையது. அவரைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை. பஸ் பிடித்துச் சிவகிரிக்குப் போனேன்.

மீசை முழுக்க வெளுத்திருந்தது, சட்டை மடிப்பு அப்படியே இருந்தது. எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் இப்போது நான் கத்த வேண்டியிருந்தது, அவர் வழக்கம்போல மெதுவாகவே பேசினார். ஒன்றே ஒன்று கேட்டார்.

“மாத்துதவன், மாத்திருக்கேன்னு சொல்லணுமாலே?”

“சொல்லணும் ஐயா. உரிமத்திலேயே இருக்கு. யாருது, எங்கன எடுத்தது, என்ன மாத்தினதுன்னு சொல்லணும்.”

“அப்போ திறந்து விடு. சொல்லாம மாத்துதவன் எப்பவும் மாத்தத்தான் செய்வான். அவனுக்குப் பயந்து மத்தவனை ஏன் கரையில நிறுத்துத?” என்றார். தன் பெயரைப் போட வேண்டாம் என்றும் சொன்னார். அந்த ஒரு உத்தரவை மட்டும் நான் கேட்கவில்லை.

அடுத்த அனுமதி வீட்டில். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், விற்கலாம், மாற்றலாம் என்று நான் விளக்கியதைக் கேட்டுவிட்டுக் கோமதி உளுந்து களைந்துகொண்டிருந்த கையைத் தூக்கிப் பார்த்தாள்.

“என் கையை ஊருக்கே எழுதிக் குடுக்கப் போறிய. உங்க பேரு போடுவிய, ஐயா பேரு போடுவிய. கை யாரு கையாம்?”

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று படத்தைக் கொடுப்பவரே குறிப்பிடலாம் என்று முத்துமாரி சொல்லியிருந்தாள். அன்றைக்கே மூன்று படத்தையும் அந்தக் கட்டற்ற தளத்தில் ஏற்றினோம். கீழே இப்படிக் குறிப்பிடுக என்று எழுதினேன்: படம் சங்கரபாண்டியன், முறை பரமசிவம், கை கோமதி. பொத்தானை அழுத்தும்போது விரல் கொஞ்சம் தயங்கியது. ஏலே, அழுத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷீலா டீச்சருக்கும் மன்னிப்புக் கேட்டு, இனிமேல் என்னையோ வேறு யாரையோ கேட்க வேண்டியதில்லை என்று எழுதினேன். பதில் வரவில்லை. நான் செய்ததற்கு அது சரிதான் என்று விட்டுவிட்டேன்.

அதற்கப்புறம் வந்த கார்த்திகையில் கோமதியும் நானும் ஐந்தருவிக்குக் குளிக்கப் போனோம். டூட்டி இல்லாமல், ஜனத்தோடு ஜனமாக. அவள் பெண்கள் பக்கம் போனாள். நான் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வரிசையில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் கோமதி ஈரப் புடவையோடு வெளியே வந்து என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். அவள் கூடவே ஒரு மலையாளப் பெண்ணும், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு பிள்ளைகளும், அவர்களுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பெண்களும் வந்தார்கள். என்ன ஆயிற்று என்று நான் கேட்பதற்குள் உள்ளே விசில் சத்தம் கேட்டது. மைக்கில் எல்லோரையும் வெளியேறச் சொன்னார்கள். வரிசை கலைந்தது. ஓரத்தில் தண்ணீர் டீ நிறத்துக்கு வந்துகொண்டிருந்தது.

கோமதி மூச்சு வாங்கச் சொன்னாள். இந்தப் பெண் ஓரமாக நின்று பிள்ளைக்குக் கப்பில் தண்ணீர் மொண்டிருக்கிறாள். மொண்டவள் ஊற்றாமல் கப்புக்குள்ளேயே குனிந்து பார்த்தாளாம். இன்னொரு தரம் மொண்டு பார்த்தாளாம். பிறகு ஒரு வார்த்தை பேசாமல் பிள்ளைகளை வாரிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். அதைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களும் கிளம்பியிருக்கிறார்கள். விசில் அதற்குப் பிறகுதான்.

“இந்தக் கப்பைப் பாருங்க” என்று கோமதி அதை வாங்கி என்னிடம் நீட்டினாள்.

வெள்ளைப் பிளாஸ்டிக் கப். அடியில், உள்பக்கம், நட்டநடுவில் கருப்புப் புள்ளி. வெளியே சுற்றிவர என் மூன்று படமும், பச்சை வளையல் கையோடு. படத்தின் மேல் என்னால் படிக்க முடியாத மலையாள எழுத்து. நான் படம் மட்டும்தான் கொடுத்திருந்தேன். படத்தைப் பார்த்த யாரோ ஒருவர், படம் எதற்கு, கப்பையே குவளை ஆக்கிவிடலாம் என்று யோசித்திருக்கிறார். எனக்கோ இசக்கிக்கோ தோன்றாத யோசனை. எங்கே வாங்கியது என்று சைகையில் கேட்டேன். புனலூரில் ஒரு பாத்திரக் கடையில் என்றாள். அடியில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது, அதைக் காட்டிப் படிக்கச் சொன்னேன்.

அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் படித்தாள்: “சித்ரம், சங்கரபாண்டியன். ரீதி, பரமசிவம். கை, கோமதி.” அதற்கு அப்புறமும் ஒரு வரி இருந்தது. மலையாளம் சேர்த்தது, புள்ளியைக் கப்புக்குள் வைத்தது என்று என்னென்ன மாற்றினார்கள் என்பதையும் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள். யார் செய்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னை யாரும் கேட்கவில்லை. கேட்காமல் செய்தார்களே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கோமதி தன் ஈரக் கையைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். வளையல் இப்போது சிவப்பு. அந்தப் பெண் படத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கோமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள், ரொம்ப நேரம் விடவில்லை.

இசக்கி அதன்பிறகு தமிழில் அடித்துவிட்டான். அச்சகத்தில் இந்தத் தடவை ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். நான் புனலூர்க் கப் ஒன்றைத் தேடி வாங்கிக்கொண்டு சிவகிரிக்குப் போனேன். பரமசிவம் ஐயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பெயர் எங்கே இருக்கிறது என்று எழுத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். நான் சொன்ன உத்தரவை மீறிட்டியே என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் எழுந்து முற்றத்துக் குழாயடிக்குப் போனார். கப்பில் தண்ணீர் பிடித்தார். வெயிலுக்கு முதுகைக் காட்டி, தன் நிழல் அதில் விழும்படி நின்று, நேர் மேலேயிருந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“தண்ணி என்ன ஐயா சொல்லுது?” என்று சத்தமாகக் கேட்டேன்.

மீசைக்குள் சிரிப்பு தெரிந்தது.

“புள்ளி நல்லாத் தெரியுதுலே, சங்கரபாண்டியா” என்றார். “ஆளை இறக்கு.”